பல் பார்க்கிறவள்

வேட்டைப் பருவம் திறக்க நான்கு நாள் இருக்கையில்
கடிதம் வந்தது.
நிதிப் பற்றாக்குறை. கட்டாய விடுப்பு. சம்பளம் கிடையாது.
கடைசியில் தடித்த எழுத்தில் ஒரு வரி:
விருப்பத்தின் பேரிலும் பணி செய்தல் கூடாது.

பதினேழு வருடமாக மான்களுக்குப் பல் பார்க்கிறேன்.
விஸ்கான்சின் நவம்பரில், இதே சனிக்கிழமை,
ஹேகன் வளைவுத் தகரக் கொட்டகையில்
செத்த வாய்களை இடுக்கியால் திறந்து
டார்ச் அடித்து
ஒன்றரை, இரண்டரை, நாலரை என்று
வயது சொல்வேன்.
மூன்றாவது பல்லில் மூன்று முகடு இருந்தால்
பால்பல் இன்னும் விழவில்லை.
வெள்ளையைவிடப் பழுப்பு அகன்றிருந்தால்
பல பனிக்காலம் பார்த்தது.
பிறகு தொண்டையில் கத்தி வைத்து
மொச்சைக்கொட்டை அளவில் இரண்டு நிணக்கணு எடுத்து
பையில் போட்டு எண் எழுதுவேன்.
மூளையைச் சல்லடையாக்கும் அந்த நோய்
எந்த ஊர்வரை வந்துவிட்டது என்பது
அப்படித்தான் தெரியும்.

இந்தச் சனிக்கிழமை துணி மடித்தேன்.
மடித்ததை உதறி மறுபடி மடித்தேன்.
பத்து மணிக்கு மேல் முடியவில்லை.
பால் வாங்கி வருகிறேன் என்று கிளம்பினேன்.
ஃப்ரிட்ஜில் இரண்டு கேலன் இருந்தது.
கணவர் ஒன்றும் கேட்கவில்லை.

கொட்டகையில் பூட்டு.
சாலை திரும்பும் இடம்வரை வண்டிகள்,
ஆரஞ்சுச் சட்டைகள், காபி ஆவி,
வண்டித் தொட்டிகளில் நாக்கு தள்ளிய மான்கள்.
அவற்றுக்கு யாரும் கடிதம் அனுப்பவில்லை.

டுவேன் டாலஃப்ஸன் கண்ணாடியைத் தட்டினார்.
"வந்துட்டியா லவோன்?"
"வரலை. பால் வாங்கப் போறேன்."
"கடை அந்தப் பக்கம்."
"தெரியும்."
அவர் வண்டியின் முதுகில் அந்த ஒட்டுத்தாள் இன்னும் இருந்தது:
அரசைச் சுருக்கு.
சுருங்கிவிட்டது,
ஒரு பூட்டு அளவுக்கு.

டூ கெர் லோர் வாஸாவிலிருந்து வந்திருந்தார்.
ஏழு வீட்டுக்குப் பங்கு போகும் இறைச்சி.
"தின்னலாமா?" என்றார்.
எலும்பை நீக்குங்கள், முதுகுத்தண்டைத் தொடாதீர்கள்,
உறையவைத்துக் காத்திருங்கள் என்றேன்.
எதற்காக, எவ்வளவு நாள் என்று அவர் கேட்டபோது
வாயை மூடிக்கொண்டேன்.
ஆய்வகத்துக்கும் விடுப்பு.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாதுதான்.
இது தானமில்லையே,
சீட்டுக்குக் காசு கட்டியிருக்கிறார்கள்.

கதவில் யாரோ
விதைக் கம்பெனிக் காலண்டரை ஆணியடித்து
நூலில் பென்சில் கட்டியிருந்தார்கள்.
பெட்டை, நூற்றுப் பத்து பவுண்டு, ஓடைக்கு வடக்கே.
கலை, எட்டு கிளைக் கொம்பு, எடை தெரியாது, கனம்.
வயது: இளசு.
வயது: என் மாமியாருக்கு ஒன்றிரண்டு குறைவு.

டுவேன் தன் கலைமானை இழுத்து வந்தார்.
ஸ்க்ரூடிரைவரால் தாடையைப் பிளந்து
என் ஜன்னல் பக்கம் திருப்பி
போன் வெளிச்சத்தைக் காட்டிவிட்டு
வானத்தைப் பார்த்தபடி நின்றார்.

நான் இறங்கவில்லை. எதையும் தொடவில்லை.
ஸ்டியரிங்மேல் கிடந்த கையில்
மூன்று விரல் தானாக நிமிர்ந்தது.
நாலாவது பாதி மடங்கியது.

அவர் போய் எழுதினார்.
பின்னால் வரிசை ஒன்று உண்டாகிவிட்டது.

நாலு மணிக்குப் பனி பிடித்தபோது
கை குளிரில் மரத்து
ஒன்றரைக்கும் இரண்டரைக்கும்
ஒரே விரலாகிப் போயிருந்தது.
பாலும் வாங்கவில்லை.

ஜனவரியில் மேசை திரும்பக் கிடைத்தது.
காலண்டரைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.
அங்கீகாரமற்றவர் சேகரித்தது, ஏற்பதற்கில்லை.
வரைபடத்தில் அந்த வருடத்துக்குப் புள்ளி இல்லை.
கணினி முந்தின வருடத்தையும் பிந்தின வருடத்தையும்
நேர்கோட்டால் இணைத்துக்கொண்டது.
பார்க்க அழகாகத்தான் இருக்கிறது.

மார்ச்சில் டூ கெர் லோர் போன் செய்தார்.
முடிவு வந்ததா என்று கேட்கவில்லை.
"சாப்பிட்டுட்டோம்" என்றார்.
நான் என்ன சொல்வேன் என்று கொஞ்சம் பொறுத்துவிட்டு,
"நல்லா இருந்துச்சு."