பதினொரு கேள்விக்குறிகள்

கராஷோக் நூலகத்தின் நிலவறையில்
செவ்வாய்தோறும் ஏழு பேர் கூடுகிறோம்.
கணினிகள் நான்கு. ஓடுபவை இரண்டு.
ஹீட்டரைப் போட்டால் அச்சுப்பொறி அணையும்,
அச்சுப்பொறியைப் போட்டால் விரல் விறைக்கும்.
எதை முதலில் போடுவது என்பதுதான்
எந்தக் கூட்டத்திலும் முதல் விவாதம்.

ஜனவரியில் ஒஸ்லோவிலிருந்து ஓர் உறை.
தேசியப் பயனர் சங்கத்தின் உறுப்பினர் பட்டியல்,
எண்பத்துநான்கு பக்கம், வழவழத் தாள்.
எழுபத்தொன்றில் நாங்கள்.
என் பெயர் இங்கா.
அங்கே
இ?கா.

மாஹ்தே விழுந்து விழுந்து சிரித்தார்.
அடுத்த வரியில் அவர் குடும்பப்பெயரில்
இரண்டு கேள்விக்குறிகள்.
சிரிப்பு பாதியில் நின்றது.
பீரெத் பென்சிலால் எண்ணினாள்:
ஏழு பேருக்குப் பதினொன்று.
இதுவரை எங்களை எதுவுமே கேட்காதவர்களிடம்
இத்தனை கேள்விகளா?

சந்தாவை நிறுத்தினோம்.
காசோலை போகவேண்டிய உறையில்
ஒரே ஒரு வரி போனது:
பெயர் வந்தால் பணம் வரும்.

பதில் தட்டச்சில் வந்தது,
விதி ஏழு, உட்பிரிவு மூன்று,
தாமதக் கட்டணம் பற்றி.
ஓரத்தில் மட்டும் நீல மையில், சாய்வாக:
"எந்தெந்த எழுத்துகள்? வரைந்து அனுப்ப முடியுமா?
ராங்னில், செயலாளர்."

ராங்னில்.
அந்தப் பெயரைச் சொல்லும்போது
அவர்கள் தொண்டையிலும் எங்கள் ஒலிதான்.
எழுதும்போது அதை விட்டுவிடுகிறார்கள்.

கட்டம் போட்ட தாள் வாங்கினோம்.
எட்டுக்குப் பதினாறு கட்டங்களில் ஓர் எழுத்து.
அதன் வாலை எங்கே மடிப்பது என்று
இரண்டு செவ்வாய் சண்டை.
"கன்றின் காதில் வெட்டு ஒரு விரல் தள்ளினால்
பனிமான் பக்கத்து வீட்டுக்காரனுடையது"
என்றார் மாஹ்தே.
ஒரு கட்டம் உள்ளே தள்ளி மடித்தோம்.

வட்டு பேருந்தில் வந்தது,
மைனஸ் முப்பத்தெட்டில்.
வெளியிலிருந்து வந்த வட்டை
ஒரு மணி நேரமாவது அறைச்சூட்டில் வைக்காமல்
செருகக்கூடாது.
அவர்கள் கையேட்டில் இது இல்லை.
எழுதி அனுப்பினோம்.
அடுத்த பதிப்பில் சேர்த்தார்கள்,
எங்கள் பெயரைப் போடாமல்.

முதல் வட்டில் பெரிய எழுத்து சரி, சிறியது கோணல்.
இரண்டாவதில் எழுத்து வந்தது, வரிசை கலைந்தது.
மூன்றாவது வட்டு
இங்கா என்றது.
ஹீட்டரை அணைத்துவிட்டு ஏழு முறை அச்சிட்டோம்,
ஆளுக்கு ஒன்று.

மறுநாள் இரவு தொலைபேசி.
ராங்னில். குரலில் சிரிப்பா அழுகையா, தெரியவில்லை.
"எங்கள் தலைவர் ஹோவார்ட்,
அவருடைய அலுவலகத்திலேயே
ஹ?வார்ட் ஆகிவிட்டார்."

எங்கள் எழுத்து உட்கார்ந்திருந்தது
அவர் எழுத்தின் இருக்கையில்.

இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவார்கள் என்று
அங்கே யாராவது முணுமுணுத்திருக்கலாம்.
அவள் அப்படிச் சொல்லவில்லை.
"கொஞ்சம் நகர முடியுமா?" என்றாள்.
"எங்கே?" என்றாள் பீரெத்.

நாட்டின் இரு கோடியிலும்
ஒரே அட்டவணையை மேஜையில் விரித்து,
இருநூற்று ஐம்பத்தாறு இருக்கைகளில்
காலியானதைத் தேடினார்கள்.
நடுநிசி தாண்டி,
யாரும் இதுவரை அச்சிட்டறியாத
ஒரு பாதிக் கோட்டை எழுப்பிவிட்டு
அங்கே உட்கார்ந்தோம்.
தொலைபேசிச் செலவு அவர்களுடையது.

மே மாதம் திருத்திய பட்டியல்.
எழுபத்தொன்றாம் பக்கம் திறந்து
மாஹ்தே சத்தமாக வாசித்தார்,
தன் பெயரை மட்டும், மூன்று தடவை.
பிறகு முதல் பக்கத்துக்குப் போய்
தலைவர் முழுசாக இருக்கிறாரா என்று
பார்த்துக்கொண்டார்.

சந்தா அனுப்பிவிட்டேன்,
கட்டத்தாளின் விலையைக் கழித்துக்கொண்டு.
எந்த விதிப்படி கழித்தீர்கள் என்று
ராங்னில் கேட்டிருக்கிறாள்,
இந்த முறை முழுக் கடிதமும் நீல மையில்.

வரும் செவ்வாய் அதைப் பேசுவோம்.
ஹீட்டரை முதலில் போடவேண்டும்
என்பது என் கட்சி.