ஏழாவது கூற்று

“பொழுது விடியுமுன்பே விழித்துக்கொள்கிறேன்.”
தெற்கிலிருந்து வந்த வினாத்தாளில் ஏழாவது கூற்று.
ஒருபோதும் இல்லை, சில நாள், பல நாள், எப்போதும்:
நான்கில் ஒன்றை வட்டமிட வேண்டும்.

டிரோம்சோவில் அப்போது டிசம்பர்.
சூரியன் போய் மூன்று வாரம்,
திரும்ப இன்னும் ஐந்து வாரம்.
மீன் ஆலையில் இரவு வேலை பார்ப்பவரும்
மருத்துவமனையில் துணி வெளுப்பவரும்
பனி தள்ளும் வண்டி ஓட்டும் ஆஸ்லாக்கும்
ஒரே விடையைத்தான் வட்டமிட்டிருந்தார்கள்.
நண்பகலில் எழுந்தவரும்: எப்போதும்.
பொய்யில்லை.
விடியவே இல்லையே.

எல்லோரும் ஆமென்னும் கேள்வி
யாரையும் யாரிடமிருந்தும் பிரிக்காது.
ஏறியவருக்கெல்லாம் எழுபது காட்டும்
எடைக்கருவியை வைத்துக்கொண்டு என்ன செய்ய?
எய்லிஃப் திரையை என் பக்கம் திருப்பினான்.
பிரித்தறியும் திறன்: பூஜ்யம் புள்ளி பூஜ்யம் மூன்று.
சிவப்புக் கோட்டை நானே இழுத்தேன்.

மாற்று எழுத உட்கார்ந்தோம்.
“அலாரம் அடிக்குமுன்பே”
(அலாரமே வைக்காதவர்?)
“போதிய அளவு தூங்குமுன்பே”
(போதியது எவ்வளவென்று யார் சொல்வது?)
“சீக்கிரமே விழித்து, மறுபடி தூங்க முடியாமல்”
இது ஒரு கூற்றில் ஒளிந்த இரண்டு.
விழிப்பவர் ஒருவர்,
தூங்க முடியாதவர் வேறொருவர்.
பதினோரு நாள் போயிற்று
ஒரு வாக்கியத்துக்கு.

அதைச் சத்தமாய்ப் படித்துக் காட்டச் சொல்லி
குட்லாவ்கிடம் கொண்டுபோனேன்.
ஏழைத் தாண்டிப் பன்னிரண்டில் நின்றாள்.
“நெஞ்சு கனக்கிறது என்றால்
இதய மருத்துவரிடம் போகவா?”
பிறகு தாளின் தலைப்பைத் தட்டினாள்.
“கடந்த இரண்டு வாரம் என்கிறாய்.
எந்த இரண்டு? மகன் கப்பல் ஏறுமுன்பா, ஏறிய பின்பா?”
எழுதிக்கொண்டேன்.
உள்ளத்தை முழம் போட வந்தவள்
என் கை எவ்வளவு நீளம் என்று
அவளிடம்தான் தெரிந்துகொண்டேன்.

அதே தாள், அதே ஆட்கள், பதினான்கு நாள் கழித்து.
எண் மாறாதிருந்தால் கருவியை நம்பலாம்.
பெரும்பாலும் மாறவில்லை.
இருநூற்றுப் பன்னிரண்டாம் ஆள் மட்டும்
முதலில் ஒன்பது, பிறகு இருபத்தொன்று.
எங்கள் சூத்திரத்தில் இதன் பெயர் பிழை.
ஓரத்தில் பென்சிலால், சிறிய எழுத்தில்:
“படகு கிடைத்தது. தம்பி கிடைக்கவில்லை.”

இவரை எடுத்துவிட்டால்
பூஜ்யம் புள்ளி எட்டு நான்கு. அழகான எண்.
வைத்தால் எட்டு ஒன்று.
எய்லிஃப் ஒன்றும் சொல்லாமல் கண்ணாடியைத் துடைத்தான்.
வைத்தேன்.
அடிக்குறிப்பு எழுத முயன்று
மூன்று முறை அழித்தேன்.

கடைசியில் வெட்டுப்புள்ளி.
எங்கே வரப்புப் போடுவது?
பன்னிரண்டில் போட்டால்
நன்றாயிருக்கும் நூறு பேரில் முப்பது பேர் வீணாய் அஞ்சுவார்கள்.
பதினாறில் போட்டால்
நோயுற்ற நூறு பேரில் நாற்பது பேர் கைநழுவுவார்கள்.
மேசையைச் சுற்றி ஆறு பேர்,
தட்டில் காய்ந்த வாஃபிள்,
வெளியே பாலத்தின் விளக்குகள்.
பதினான்கு என்று முடிவாயிற்று.
கை தூக்கியவர்களில் நானும் ஒருத்தி.
பதின்மூன்று பெற்றவருக்கு
ஒரு நன்றிக் கடிதம் போகும்.

ஜனவரி இருபத்தொன்று.
பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தெருவுக்கு ஓடிவந்து
மலைகளுக்கிடையே சூரியனுக்குக் கையசைத்தார்கள்.
வாயெல்லாம் சர்க்கரை, கையில் ஜாம் பன்.
நான்கு நிமிடம்தான் தெரிந்தது.
ஆஸ்லாக் வண்டியை நிறுத்தி, இயந்திரத்தை அணைத்து,
அந்த நான்கு நிமிடமும் உட்கார்ந்திருந்தார்.

அன்று மாலை அச்சகத்திலிருந்து முதல் படி வந்தது.
கட்டங்கள் நேராய் விழுந்திருக்கின்றனவா என்று
பார்ப்பதற்காக மட்டும்
நானே ஒரு தாளை நிரப்பினேன்.
புதிய ஏழாவது கூற்றில் சற்று நேரம் நின்றேன்.
அன்று காலை நான் விழித்தபோது மணி மூன்றரை.
முந்தின நாளும்.
கூட்டிப் பார்த்தேன்: பதின்மூன்று.

பத்தொன்பதாவது கூற்றில் ஒரு புள்ளி விடுபட்டிருந்தது.
திருத்தி அனுப்பினேன்.