தற்காலிகமாக நுழைந்திருக்கிறீர்கள்

ஹெல்தெர்மா துறைமுகத்துப் பயணச்சீட்டு அறையில்
ஐலியின் கணினிக்கு
ஒவ்வொரு காலையும் முதல் காலை.
நேற்று என்று ஒன்று
அதற்கு நடந்ததே இல்லை.

ஆறு ஐம்பதுக்கு வருவாள். பூட்ஸில் பனி.
கடவுச்சொல்லை அடிப்பாள்.
எந்த ஊர் என்று தெரியாத பச்சை மேடு ஒன்று
திரை முழுக்க விரியும்.
எழுத்தெல்லாம் கசகசா.
படகு அட்டவணை, காற்று அறிக்கை,
லாரிகளின் எடைப் பட்டியல்
எதுவும் போன இடம் தெரியாது.
குப்பைத் தொட்டி மட்டும்
இடது மூலையில் விசுவாசமாக நிற்கும்.

பிறகு தொடங்குவாள்.
எழுத்தை ஒன்றரை மடங்காக்குவாள்.
மவுஸின் பொத்தான்களை இடம் மாற்றுவாள்:
வலது மணிக்கட்டுக்குள் ஆணி,
போன பிப்ரவரியில் படகுத்துறைப் படியில் விழுந்தது.
கழுத்துக் கயிற்றில் தொங்கும் பென்டிரைவிலிருந்து
ஐகான்களை ஒவ்வொன்றாக இறக்குவாள்.
கடைசியாக அந்த மேட்டை மூடி
தன் நாயை உட்கார வைப்பாள்.
நான்கு நிமிடம். சில நாள் ஐந்து.
ஏழு மணிப் படகின் முதல் லாரிக்காரன்
கண்ணாடியைத் தட்டும்போது
எல்லாம் அதனதன் இடத்தில்.

பதினொரு மாதம் இப்படி.
"முன்பே கூப்பிட்டிருக்கலாமே" என்றேன்.
"பல்லும் தினமும்தானே தேய்க்கிறோம்" என்றாள்.

நான் தோய்வோ. மாதம் இரண்டு முறை
தீவுக்கு வந்து போகிற பழுதுக்காரன்.
இயந்திரத்துக்கு முன் ஆளைச் சந்தேகிப்பது
எங்கள் தொழில் வழக்கம்.
"சேமி என்பதை அழுத்தினீர்களா?"
அவள் பார்த்த பார்வையில்
கேள்வியைத் திரும்ப எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

கடிகாரம் சரியாக ஓடியது, ஆகவே பேட்டரி சாகவில்லை.
வட்டில் இடம் இருந்தது. வைரஸ் இல்லை.
தாலினைக் கூப்பிட்டேன்; இருபது நிமிடம் பியானோ.
பிறகு ஒரு குரல்: நாங்கள் எதையும் பூட்டவில்லை.
வெட்கத்தோடு மவுஸைக்கூட மாற்றிப் பார்த்தேன்.

பத்தரை மணிப் படகு போயிற்று.
நான் அதில் இருந்திருக்க வேண்டும்.
காப்பி வந்தது, கறுப்பு ரொட்டி வந்தது.
"தினமும் செய்வதைச் செய்யுங்கள்,
நான் சும்மா பார்க்கிறேன்."

ரீஸ்டார்ட். கடவுச்சொல். பச்சை மேடு.
வலது கீழ் மூலையில் சின்னப் பெட்டி ஒன்று எட்டிப் பார்த்தது.
ஈயை விரட்டுவதுபோல் மூடினாள்.
"அது என்ன?"
"எது?"
"இப்போது மூடினீர்களே."
"அதுவா, தினமும் வரும்.
படிக்க முடியாது, பொடி எழுத்து."

எழுத்தைப் பெரிதாக்கும் முன் வருகிற பெட்டி.
பெரிதாக்கிய பின் ஒருநாளும் வராத பெட்டி.

மறுபடி ரீஸ்டார்ட்.
திரையில் மூக்கு உரசப் படித்தேன்:
தற்காலிகமாக நுழைந்திருக்கிறீர்கள்.
இங்கே செய்யும் எதுவும்
வெளியேறியதும் இராது.

விருந்தும் மருந்தும் மூன்று நாள்.
இவள் பதினொரு மாதம்
தன் நாற்காலியிலேயே விருந்தாளி.
காலையில் புதுப்பாய் விரித்துக் கொடுத்து
மாலையில் சுருட்டி எறிந்திருக்கிறது,
மரியாதை ஒரு பொட்டும் குறையாமல்.

பதிவேட்டின் அடியில்
ஒரே நீள எண் இரண்டு முறை இருந்தது.
ஒன்றுக்கு மூன்றெழுத்தில் வால்.
ஏதோ புயல் இரவில், பாதி எழுதும்போது
மின்சாரம் போயிருக்கும்.
அசல் ஐலி வால் முளைத்து ஓரமாய்க் கிடக்க
வெறும் பெயருக்குச் சாவி கிடைத்திருக்கிறது.
வெறும் பெயரை விலக்கினேன். வாலை வெட்டினேன்.

ரீஸ்டார்ட்.
பென்டிரைவை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

பனிச்சாலை வந்தது.
உறைந்த கடல்மேல் நட்ட ஜூனிப்பர் கிளைகள்
பெருநிலம் நோக்கி, ஒன்றன்பின் ஒன்றாக.
"நான் எடுத்த படம்.
வைத்திருந்ததே மறந்துபோச்சு."
எழுத்து பெரிதாகவே இருந்தது.
அட்டவணையை இடது கையால் தொட்டாள்.
திறக்கவில்லை, வேறு ஏதோ பட்டியல் விரிந்தது.
மவுஸ் பழைய கைக்காகக் காத்திருந்தது,
இன்னும் படியில் விழாத கைக்காக.

கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை.
பிறகு "கடைசித் தடவை" என்று
பொத்தான்களை மாற்றினாள்.
நாயை வைக்கவில்லை. சாலையை விட்டுவைத்தாள்.

பழுதின் காரணம் என்ற கட்டம் சிறியது.
'சிறிய எழுத்து' என்று நிரப்பினேன்.

மறுநாள் ஆறு ஐம்பத்தொன்றுக்கு போன்.
பின்னால் படகின் ஹாரன்.
"இருக்கு" என்றாள்.
வைத்துவிட்டாள்.