ஒரு மணி நேர நூல்

ஆறு முறை மயக்கிப் படுக்கவைத்து
குழாய் இறக்கிச் சதை கிள்ளினார்கள்.
ஒவ்வொரு முறையும் கண் விழித்ததும் ஐலா
முதலில் தேடியது என்னையல்ல,
தன் காலுறைகளை.

இன்று குழாய் இல்லை.
மாத்திரைக்கூடு, அதற்குள் சுருண்ட நூல்.
நுனியைக் கன்னத்தில் ஒட்டிவிட்டு
"விழுங்கு" என்றாள் செவிலி ப்ரீடா.

விழுங்குவதுதானே எங்கள் வீட்டில் பெரிய வேலை.
ஒரு வாய் ரொட்டிக்கு மூன்று மிடறு தண்ணீர்.
பிறந்தநாள் விருந்துகளில்
தட்டைக் கிளறிக் கிளறித் தின்றதாய்க் காட்டுவாள்.
ஒருமுறை இறைச்சித் துண்டு நின்றுவிட்டது,
விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல்
அவள் கண்கள் மட்டும் என்னைப் பிடித்துக்கொண்டிருந்தன.

நான்காவது முயற்சியில் இறங்கியது.

டுலூத்தில் பிப்ரவரி.
ஜன்னலுக்கு வெளியே உறைந்த ஏரி,
பனியில் துளையிட்டு
தூண்டிலோடு குந்தியிருக்கும் ஆட்கள்.
பேசினால் நூல் கூசுகிறதாம், எழுதிக் காட்டினாள்:
"எனக்குள்ள என்ன மீன் மாட்டும்?"
நான் சிரித்தேன்.
அவளும் சிரிக்கப் போய்
கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள்.

இழுத்தபோது ஒரு குமட்டல், அவ்வளவுதான்.
அடி நுனியில் பித்த மஞ்சள்.
ப்ரீடா நறுக்கிக் குப்பியில் போட்டாள்.
உணவுக்குழாயின் கோபம் இன்னும் ஆறவில்லையென்றால்
அந்த நூலில் இருக்குமாம்.
படித்துச் சொல்லப் பத்து நாள்.

பாலை விட்டாயிற்று, கோதுமையை விட்டாயிற்று.
போன மாதம்தான் முட்டை
எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்திருக்கிறது.
இருக்குமா, போகுமா?

வண்டியில் ஹீட்டர் சூடாகும்வரை
எதுவும் பேசாமல் இருந்தவள்
கால்களைத் தூக்கி டாஷ்போர்டில் வைத்தாள்.
"பாத்தியாப்பா,
இன்னிக்கு கழட்டவே இல்ல."