நீலம் போதும்

பஞ்சிகாவத்தையில் மழை விட்டிருந்தது.
கழற்றிப் போட்ட கியர்பெட்டிகளுக்கு நடுவே
பஸ்லியின் கடை, ஒரு கதவளவு அகலம்.
போத்தலை ஆட்டிப் பார்த்தேன்.
பாதிதான் இருந்தது.
"யாரோ பாவிச்சத எனக்குத் தாறீங்க."
"இல்ல தங்கச்சி, மத்தப் பாதி காத்து.
கம்பனியே அப்பிடித்தான் ஊத்தும்.
காத்து இல்லாட்டி உள்ளுக்கே கல்லாயிரும்."
பிறகு சிவப்பை எடுத்து நீட்டினான்.
"இதப் போடுங்க. ஆயுசுக்கும் கழராது."

ஆயுசுக்கும் கழராததை
நான் முன்பே பார்த்திருக்கிறேன்.
வேன் வாங்கிய முதல் வருடம்,
பழைய சொந்தக்காரன் சிவப்பு பூசிய ஒற்றை போல்ட்டுக்கு
சுனிமல் கால்மணி நேரம் நெருப்புக் காட்டினான்.
பக்கத்து ரப்பர் எரிந்து நாறியது.
தலை முறிந்து கையோடு வந்தது,
உடல் உள்ளேயே நின்றுகொண்டது.
லீசிங் கம்பனியிலிருந்து
அன்றைக்கென்று பார்த்துப் போன் எடுத்தார்கள்.

"நீலம் போதும்," என்றேன்.
"தானாகக் கழரக் கூடாது.
நான் கேட்டால் கழர வேணும்."
பஸ்லி சிரித்தான். மீதிச் சில்லறைக்குப் பதிலாகப்
பாதி முடி உதிர்ந்த கம்பித் தூரிகை ஒன்று தந்தான்.

போன கிழமை, கிருலப்பனைச் சந்தி,
முன் சில்லில் ஒரு டக்.
அடுத்த பிரேக்கில் இன்னொரு டக்.
பின்னால் பதினான்கு பிள்ளைகள்,
யாருடைய பெட்டியில் முட்டை என்று சண்டை.
அத்தனை சத்தத்துக்குள்ளும் அது
எனக்கு மட்டும் கேட்டது.
கலிப்பரின் கீழ்ப் போல்ட்
விரலால் சுற்றுமளவுக்கு இளகியிருந்தது.
இரவில் இறுக்கி, விடியலில் இறுக்கி,
மூன்று நாள் ஓட்டினேன்.
யாரிடமும் சொல்லவில்லை. ஜெரால்டிடமும்.

போயா வந்தது.
பள்ளியும் இல்லை, டியூசனும் இல்லை.
முழுதாக ஒரு நாள்
வேன் சும்மா நிற்கக்கூடிய ஒரே நாள்.
விடிய நாலரைக்கு, தெமட்டகொடை ஒழுங்கையில்
ஜாக்கி வைத்துச் சில்லைக் கழற்றினேன்.
பன்சலை ஒலிபெருக்கி தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தது.
ஒவ்வொரு புரியாகத் துலக்கினேன்.
துரு, கிரீஸ், முன்னொரு காலத்துப் பசையின் வெள்ளைத் தூள்.
எண்ணெய் மிஞ்சினால் பிடிக்காது;
பிரேக் கிளீனர் அடித்து
உலரும் வரை டார்ச்சைப் பல்லில் கடித்தபடி இருந்தேன்.

ஒரு துளி.
கை இன்னொன்று கேட்டது, கொடுக்கவில்லை.
இரவல் வாங்கிய டோர்க் ரென்ச் கிளிக் என்றதும்
நிறுத்தச் சொல்கிறது புத்தகம்.
இன்னும் கால் சுற்று இழு என்றது கை.
அது மூன்று நாள் பயந்த கை.
அதன் பேச்சைக் கேட்கவில்லை.

அதோடு என் வேலை முடிந்தது.
இரும்பும் இரும்பும் நெருங்கிக்
காற்றுத் தீர்ந்த இடத்தில்
இனி அது தானாக இறுகும்.
நான் தேத்தண்ணி ஊற்றக் குசினிக்குப் போனேன்.

பின்னேரம் இரண்டு தாய்மார் போன் எடுத்தார்கள்,
நாளைக்கு வேன் வருமா என்று.
வரும்.

இரவு, விரலில் நீலத்தைப் பார்த்து
ஜெரால்ட் கேட்டான். சொன்னேன்.
மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.
"மூணு நாள் ஓட்டினியா?"
"ஓம்."
"பிள்ளைகள வச்சுக்கொண்டு?"
சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான்.
நான் நித்திரையானேனா தெரியாது.

ஐந்தரைக்கு வேனடிக்கு வந்தால்
முன் சீட்டில் அவன் இருக்கிறான்.
அவனுக்கு வேலை ஒன்பதுக்குத்தான்.
"அங்கிள் ஏன் வாறார்?" என்று யுகாந்தி கேட்டாள்.
அவன் பதில் சொல்லவில்லை, நானும் இல்லை.
பேஸ்லைன் வீதி முழுக்க
இரண்டு பேரும் ஒரே சில்லைக் கேட்டபடி இருந்தோம்.

கிருலப்பனைச் சிக்னல்.
மிதித்தேன்.
பின்னால் முட்டைச் சண்டை மட்டும்.

ஜெரால்ட் தன் பக்கத்துக் கண்ணாடியை
இரண்டு விரல் அளவு இறக்கினான்.