காட்சி 61, பாலாறு

படம் முடிந்து எல்லோரும்
காலால் செருப்பைத் துழாவும் நேரத்தில்
என் பெயர் மேலேறிப் போகும்:
கன்டினியூட்டி – சு. தமயந்தி.

வேலை இதுதான்.
நேற்று எந்தக் கன்னத்தில் காயம்,
எத்தனை பித்தான் திறந்திருந்தது,
மெழுகுவத்தி எந்த உயரத்தில் அணைந்தது.
உலகம் ஒன்றோடொன்று ஒட்டித்தான் இருக்கிறதென்று
பொய்ச்சாட்சி சொல்ல
ஒரு நாற்பது பக்க நோட்டு.

ஆண்டு ஆயிரத்து எழுநூற்று அறுபது.
வேலூர்க் கோட்டைக்குள் புதையல்.
கதாநாயகன் அகழியில் குதிக்கிறான்,
முதலையின் வாயைக் கிழிக்கிறான்,
கரையேறும்போது தலை காய்ந்திருக்கிறது,
வகிடெடுத்து வாரியும் இருக்கிறது.
எழுதினேன்.
"ஹீரோம்மா அவரு" என்றார் இயக்குநர்.

பந்தம் கொளுத்த ஒருவன்
இடுப்பிலிருந்து எடுத்தது
குடியாத்தம் தீப்பெட்டி.
அந்த வருஷம் தீக்குச்சியே பிறக்கவில்லை என்றேன்.
"லேபிளைக் கிழிச்சிரு."
கிழித்தோம்.

தொல்லியல் துறைக்காரர்
சுவரில் ஓர் ஆணிகூட அடிக்க விடவில்லை.
அதனால் பீரங்கி தெர்மாகோல்.
நான்கு பேர் மூச்சு வாங்க உருட்டியதை
அடுத்த ஷாட்டில்
காற்று உருட்டிக்கொண்டு போனது.

ஹயாத் பாஷாவை அங்கேதான் பார்த்தேன்.
பேரணாம்பட்டு. தோல் ஷாப்பில் மெஷின் ஆள்.
லீவு போட்டு வந்திருந்தார், நாளுக்கு அறுநூறு.
காலையில் நவாப் சிப்பாயாகச் செத்தார்.
மதியம், பிரியாணிக்குப் பிறகு,
சிவப்புக் கோட்டு மாட்டி
கும்பினிக்காகச் செத்தார்.
சாயங்காலம் ஆள் பத்தவில்லை;
தன் பிணத்தைத் தானே
டோலியில் தூக்கிக்கொண்டு போனார்.
"ஹயாத்னா எங்க பாஷையில உயிர், மேடம்.
அதான் போகமாட்டேங்குது."

வலது கையில் அவருக்கு நான்கு விரல்.
நவாப் பக்கம் சாகும்போது கையுறை, ஐந்து.
கும்பினிப் பக்கம் நான்கு.
இதற்கென்று நோட்டில் ஒரு கட்டம் உண்டு.
எழுதினால் ஆளை மாற்றிவிடுவார்கள்.
மெஷின் எடுத்த விரலை
ஷாப் நோட்டிலும் யாரும் எழுதவில்லையாம்.
பேனாவை மூடினேன்.

மேல்விஷாரம் தாண்டி மணல்.
முன்னூறு குதிரை ஆற்றைக் கடக்க வேண்டும்;
வந்தது பதினொன்று.
முழங்கால் மணலில் தத்தளித்தன.
"தண்ணியைச் சென்னையில ஊத்திக்கலாம்."
ஊற்றினார்கள், நீலமாக, நுரையோடு, கரை முட்ட.
கரையெல்லாம் சீமைக் கருவேலம்.
அது இல்லாத ஒரு கோணம்
இந்தச் சீமையிலேயே கிடைக்கவில்லை.
எங்கே கேமரா வைத்தாலும்
முன்பே வந்து நின்றிருந்தது,
நூறு வருஷத்துக்கும் மேல் முன்கூட்டியே.
கம்ப்யூட்டர் பையன் ஒவ்வொரு முள்ளாக அழித்தான்.
ஒன்றை மறந்துவிட்டான்:
குதிரைகள் கிளப்பிய புழுதி.
நட்டாற்றில், தண்ணீருக்குள்ளிருந்து
மஞ்சளாய் எழும்பி
கதாநாயகன் மீசையில் படிந்தது.

முதல் நாள், முதல் காட்சி, வேலூரில்.
காய்ந்த தலைக்கு யாரும் சிரிக்கவில்லை.
தீப்பெட்டிக்கும் இல்லை.
ஹயாத் மூன்றாம் தடவை வந்தபோது
அவர் மகள் நஸ்ரின் மட்டும்
"அப்பாதான் செத்துட்டாரே" என்றாள்.
பாலாறு வந்தது.
தியேட்டரே எழுந்து நின்றது. விசில்.
"டேய் தண்ணிடா! பாலாத்துல தண்ணிடா!"
ஒருவன் துண்டைச் சுழற்றினான்.
ஒருவன் "எந்த ஊருடா இது" என்றான்.
புழுதியை யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை.
அல்லது
அதை மட்டும்தான் நம்பினார்களோ என்னவோ.

பத்தாம் நாள் படத்தைத் தூக்கினார்கள்.

கார்த்திகையில் மேற்கே கொட்டித் தீர்த்தது.
ஆந்திரா பக்கம் அணையைத் திறந்தார்களாம்.
நிஜமாகவே வந்தது,
டீக்கடை டீ நிறத்தில்,
ஒற்றைச் செருப்பும் ஒரு கயிற்றுக் கட்டிலும்
வேரோடு நான்கு கருவேலமும் மிதக்க,
கரை முட்ட.
காட்பாடிப் பாலத்திலிருந்து ஹயாத் போன் செய்தார்.
ஒரே இரைச்சல்.
"மேடம், கன்டினியூட்டி சரியாயிடுச்சு!"
கலர் தப்பு என்றேன். சிரித்தார்.
கொஞ்ச நேரம் தண்ணீர் மட்டும் பேசியது.
பிறகு,
"ஆனா அந்தப் புழுதி, மேடம்,
அதை எங்க வெக்கிறது?"