எத்தனையாவது கிலோமீட்டரில்

ஹெப்பால் மேம்பாலத்தின் ஏற்றத்தில்
முதலில் மூன்றாம் கியர் செத்தது,
பிறகு இரண்டு.
மிதியை அடிவரை அழுத்தியும்
தூக்கத்தில் கூப்பிட்டவன் போல
ம்... ம்... என்றது வண்டி,
எழவில்லை.
இந்த மாதத்தில் இது மூன்றாம் முறை.

பின்னால் சுழல் நாற்காலிகள்.
பில்லில் நாற்பது, எண்ணினால் நாற்பத்தொன்று.
மான்யதா பக்கம் மூடிப்போன ஏதோ கம்பெனியுடையவை.
கயிற்றுக்குள் அடங்காத நாலைந்து
பாலத்துக் காற்றில் மெல்லத் திரும்பித் திரும்பி
என்னைத் திட்டிக்கொண்டு போகிறவர்களை
முகம் பார்த்து வழியனுப்பின.

பத்து நிமிடம் அணைத்துப் போட்டால்
ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பும்.
அதுதான் எரிச்சல்.
ஒரேயடியாகப் படுத்துவிட்டால்
நோய் என்று சொல்லலாம்.
இதை என்னவென்று சொல்ல?

சொல்ல ஆளுக்கா பஞ்சம்.
ஏர் ஃபில்டர் என்றான் பங்க் பையன்.
டர்போ போச்சு, முப்பதாயிரம் ஆகும் என்றார்
யஷ்வந்த்பூர் மேஸ்திரி, பானெட்டைத் திறக்காமலே.
கிளட்ச் என்றான் என் தம்பி.
அவன் ஓட்டுவது கியர் இல்லாத ஸ்கூட்டர்.
லேடீஸ் ஓட்டினா இழுவை குறையும் என்றவனுக்கு
நான் பதில் சொல்லவில்லை.
மறுநாள் அவன் லோடை ஏற்றவில்லை, அவ்வளவுதான்.
ஜே.சி. ரோட்டில் வாங்கி மாட்டிய
டீசல் ஃபில்டர் மட்டும் இரண்டு.
பிக்கப் வண்டிக்குப் பிக்கப் இல்லை என்று
ஸ்டாண்டில் சிரித்துத் தீர்த்தாகிவிட்டது.

நயாஸ் ஸ்பானரை எடுக்கவில்லை.
கால் ஒடிந்த முக்காலியில்
சரியாமல் உட்கார்ந்துகொண்டு கேட்டான்:
"எத்தனையாவது கிலோமீட்டர்ல, பிலோ அக்கா?
ஏத்தத்துல மட்டுமா, சமத்துலயுமா?
நிறுத்தினா எத்தனை நிமிஷத்துல உயிர் வருது?
டேங்க் ரொம்பி இருக்கும்போதா, கம்மியாவா?"
அவன் கேட்கக் கேட்கத்தான்
எனக்குத் தெரியும் என்பதே
எனக்குத் தெரிந்தது.

பிறகு ஐந்து லிட்டர் கேனில் டீசல் ஊற்றி
மடியில் வைத்துக்கொண்டு பக்கத்து சீட்டில் ஏறினான்.
ஜன்னல் வழியாக இரண்டு குழாய்,
ஒன்று குடிக்க,
ஒன்று மீதியைத் திருப்பித் தர.
டேங்குக்கும் வண்டிக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.
"இப்ப ஏத்துங்க."

நாற்காலிகளோடுதான் ஏற்றினேன்.
மூன்றாம் கியரிலேயே
பாலத்தின் முதுகுவரை போனது.
பதினைந்து, பதினாறு, பதினேழு கிலோமீட்டர்.
ஒன்றும் நடக்கவில்லை.
ஒன்றும் நடக்காததற்கு
ஒருவன் இவ்வளவு சிரித்து நான் கண்டதில்லை.

டேங்கை இறக்கினோம்.
உறிஞ்சுகுழாயின் வாயோரம்
நீலப் பால் கவரின் கிழிசல்,
உள்ளங்கை அகலம்.
ஓடும்போது இழுபட்டு வாயை மூடும்.
நின்றால் கழன்று மிதக்கும்.
எட்டுக் கிலோமீட்டர் ஊர் சுற்றிவிட்டு
மறுபடி வந்து ஒட்டும்.

யார் போட்டது என்று நயாஸ் கேட்கவில்லை.
வரமகாலட்சுமிக்கு முந்தின ராத்திரி
மார்க்கெட்டில் பூ மூட்டை இறக்கும் நேரத்தில்
எவனோ டேங்க் மூடியைக் களவாடினான்.
விடிவதற்குள் ஓசூர் போயாக வேண்டும்.
கையில் கிடைத்ததை மடித்துத் திணித்துக்
கிளம்பியது இந்தக் கைதான்.
நாலு நாள் கழித்துப் புது மூடி வாங்கினேன்.
பழைய அடைப்பு எங்கே போனது என்று
யோசித்த ஞாபகமே இல்லை.

அறுநூறு கேட்டான்.
கொடுத்துவிட்டு,
நாற்பத்தொன்றாவது நாற்காலியை இறக்கி வைத்தேன்.
உட்கார்ந்தான்.
அது மெல்ல, மிக மரியாதையாக,
அவனைத் தரைக்குக் கொண்டுபோனது.

எழுந்தான். தலைகீழாகக் கவிழ்த்தான்.
நான் சாவியைத் திருகும்போது
குனிந்து அதனிடம் கேட்டுக்கொண்டிருந்தான்:
உக்காந்த உடனேயா,
கொஞ்ச நேரம் கழிச்சா?